வக்கீல் நோட்டீஸ் வந்தால் வீடியோவை அழித்தே ஆகணுமா? போர்ன்விட்டா விவகாரத்தில் நடந்தது இதுதான்!

வாங்கிய பொருள் சரியில்லை என்று பேஸ்புக்கிலோ யூடியூபிலோ போட்டதும் கம்பெனி தரப்பில் இருந்து வக்கீல் நோட்டீஸ் பறந்து வருகிறது. 'உடனே நீக்கு, மன்னிப்பு கேள், இல்லாவிட்டால் நஷ்டஈடு கொடு' என்று மிரட்டலாக எழுதியிருக்கும். பார்த்ததும் நம்மவர்களுக்கு கை கால் உதறல் எடுத்து விடுகிறது. ராத்திரியோடு ராத்திரியாக பதிவை அழித்து விடுகிறார்கள்.

2023 ஏப்ரலில் நடந்த சம்பவம் இது. ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் அமெரிக்க வேலையை விட்டு விட்டு ஊர் திரும்பியவர். குழந்தைகளுக்கு பாலில் கலந்து கொடுக்கும் போர்ன்விட்டாவில் சர்க்கரை ஏகத்துக்கு இருக்கிறது என்று வீடியோ போட்டார். அப்போது 100 கிராம் பொடியில் தனியாக சேர்த்த சர்க்கரை மட்டும் 37.4 கிராம். இது டப்பாவிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருந்த கணக்கு! 'வெற்றிக்குத் தயார்' என்ற விளம்பரத்தை 'சர்க்கரை நோய்க்குத் தயார்' என்று மாற்றுங்கள் என நக்கலும் அடித்தார்.

சுமார் 1.2 கோடி பேர் பார்த்து விட்டனர். நடிகர் பரேஷ் ராவலும் அதைப் பகிர்ந்தார். உடனே தயாரிப்பு நிறுவனமான மாண்டலீஸ் நோட்டீஸ் அனுப்பியது. வீடியோ அறிவியலுக்குப் புறம்பானது, உண்மையைத் திரிக்கிறது என்பது கம்பெனியின் வாதம். இளைஞர் வீடியோவை நீக்கி பகிரங்கமாக மன்னிப்பு கேட்டார். கோர்ட், கேஸ் என்று அலைய வசதி இல்லை என்றார்.

ஆனால் விவகாரம் அடங்கவில்லை. அதே மாதம் தேசிய குழந்தைகள் உரிமை பாதுகாப்பு ஆணையம் கம்பெனிக்கே நோட்டீஸ் விட்டது. டிசம்பரில் சேர்க்கும் சர்க்கரை 32.2 கிராமாகக் குறைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலில் காட்டக்கூடாது என்று ஆன்லைன் விற்பனை கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது.

மிரட்டியது ஏப்ரலில், சர்க்கரையைக் குறைத்தது டிசம்பரில்! அப்புறம் எதற்கு அந்தப் பையனை மன்னிப்பு கேட்க வைத்தார்கள்? நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

நோட்டீஸ் வேறு, கோர்ட் உத்தரவு வேறு

வக்கீல் நோட்டீஸ் என்பது கம்பெனி தன் வக்கீல் மூலம் எழுதும் கடிதம். அவ்வளவுதான். அதில் எத்தனை கோடி எழுதியிருந்தாலும் நீதிபதி சொல்லாமல் ஒரு ரூபாய் கூட கட்ட வேண்டியதில்லை. அவதூறுக்கு போலீசார் நேரடியாக எப்.ஐ.ஆர். போட்டு கைது செய்யவும் முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும்.

ஆனால் கோர்ட் சம்மன் வந்தால் அலட்சியம் கூடாது. நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்து விடும். கேரள கல்லீரல் டாக்டர் சிரியாக் அபி பிலிப்ஸ் விஷயத்தில், அவர் தரப்பைக் கேட்காமலே 2023 செப்டம்பரில் அவரது எக்ஸ் கணக்கை முடக்க பெங்களூரு கோர்ட் உத்தரவிட்டது. வழக்கு போட்டது ஹிமாலயா கம்பெனி. அடுத்த மாதமே கர்நாடக ஐகோர்ட், சில பதிவுகளை மறைக்கும்படி சொல்லி கணக்கைத் திருப்பிக் கொடுத்தது. முழு விசாரணைக்கு முன்பே எழுத்துக்கு தடை போடுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லி இருக்கிறது.

அதற்காக வாய்க்கு வந்தபடி எழுதலாம் என்று அர்த்தம் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. உண்மையாகவும், பொது நன்மைக்காகவும் சொன்னது என்றால் விதிவிலக்கு இருக்கிறது. 'இந்த தேதியில் வாங்கினேன், பாக்கெட்டில் பூச்சி இருந்தது, இதோ போட்டோ' என்பது அனுபவம். 'ஓனர் திருடன், விஷம் விற்கிறான்' என்றால் நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

ஆகவே பில், பாக்கெட், போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள். நோட்டீஸ் வந்தால் கம்பெனிக்கு போன் போட்டு சண்டை போட வேண்டாம். அதில் கொடுத்த கெடுவுக்குள் ஒரு வக்கீலிடம் காட்டி பதில் அனுப்புங்கள். வக்கீல் யாரும் தெரியாதா? சட்டப்பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணுக்கு போன் செய்து இலவசமாக ஆலோசனை கேட்கலாம். பொருள் மீதே புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.