நிறை குறையாவிட்டால் நடந்தது வீணா?

சுபஹ் தொழுதுவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியிலும் மாத்தளை வீதியோரத்திலும் நடப்பவர்களைக் காணாதவர்கள் இருக்க முடியாது. இவர்களில் அநேகருக்கு வைத்தியர் சொல்லியிருக்கும் இலக்கு பெரிதல்ல. நான்கு கிலோ, மிஞ்சினால் ஐந்து கிலோ. ஆனால் அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி வரும் பதில் ஒன்றுதான்: "மூணு மாசமா நடக்குறன், ராச்சோத்தையும் உட்டுட்டன், தராசு அசையுதில்ல." இந்தப் பேச்சு வந்து கொஞ்ச நாளில் சப்பாத்து மூலைக்குப் போய்விடுகிறது. நிறை குறையவில்லை என்பதற்காக நடையையே விட்டுவிடுவதுதான் இதில் உள்ள உண்மையான நட்டம். அது ஏன் நட்டம் என்பதை விளங்கிக்கொள்ள, தராசு ஏன் அசைவதில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அரை மணி நேர நடையில் என்ன செலவாகிறது? 70 கிலோ நிறையுள்ள ஒருவர் சாதாரண வேகத்தில் நடந்தால் சுமார் 100 முதல் 120 கலோரி. கட்டுகஸ்தோட்டையில் இருந்து கண்டி நகர் வரை ஏறக்குறைய 5 கிலோமீட்டரையும் நடந்தே போனாலும் 250 கலோரி அளவில்தான் நிற்கும். இனி மறுபக்கத்தைப் பாருங்கள். பால்மாவும் மூன்று தேக்கரண்டி சீனியும் போட்ட ஒரு கோப்பைத் தேநீரில் 120, 130 கலோரி இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயிலும் கிட்டத்தட்ட அதே அளவு. நடந்து முடித்துக் கடையில் அமர்ந்து குடிக்கும் ஒரு பால் டீ அன்றைய நடையைச் சமப்படுத்திவிடுகிறது. கூட ஒரு ரோல்ஸும் சேர்ந்தால் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

அந்தப் பால் டீயையும் ரோல்ஸையும் தொடாதவர்களுக்கும் ஏன் குறைவதில்லை? இங்கே காலத்தின் கணக்கு வருகிறது. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹோலும் குழுவினரும் 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கணிப்பின்படி, நாளாந்த உணவில் நிரந்தரமாக 24 கலோரி குறைத்தால் காலப்போக்கில் ஒரு கிலோ குறையும். ஆனால் அதில் பாதி குறையவே ஒரு வருடம் எடுக்கும். முழுவதும் குறைய மூன்று வருடமளவில் செல்லும். அதாவது நாளொன்றுக்கு 100 கலோரி வித்தியாசத்தை விடாமல் காப்பாற்றுபவருக்கு வருட முடிவில் குறைவது சுமார் 2 கிலோ. மூன்று மாதத்தில் அது ஒரு கிலோவைக்கூட எட்டாது. நம் உடலில் நீரின் அளவு மாறுவதாலேயே ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று நாளுக்கு நாள் ஏறி இறங்கும். முதல் நாள் கருவாடும் ஊறுகாயும் சாப்பிட்டவரின் தராசு மறுநாள் காலையில் கூடக் காட்டும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் இது இன்னும் அதிகம். இந்த ஏற்ற இறக்கத்துக்குள் அந்த முக்கால் கிலோ மறைந்துபோகிறது. குறையவில்லை என்று நாம் முடிவெடுப்பது பல வேளை குறைந்துகொண்டிருக்கும்போதுதான்.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்ததாகச் சந்தோஷப்படுபவர்களுக்கும் இதே நீர்தான் காரணம். சோறும் பாணும் குறையும்போது, ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் மாச்சத்து கரைகிறது. ஒவ்வொரு கிராம் மாச்சத்தும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால் அந்த நீரும் சேர்ந்து வெளியேறுகிறது. மூன்றாம் வாரத்தில் தராசு நிற்பது, கொழுப்பு கரையும் உண்மையான வேகம் வெளியே தெரியத் தொடங்குவதால்தான்.

உடலும் சும்மா இருப்பதில்லை. ஒரு கிலோ குறையும்போது நாளாந்தச் செலவில் 20, 30 கலோரியை அது சுருக்கிக்கொள்கிறது. அதைவிடப் பெரியது பசி. ஹோலின் குழு 2016இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி கூடுதலாகச் சாப்பிடும் அளவுக்குப் பசி ஏறுவது கணக்கிடப்பட்டது. நான்கு கிலோ குறைத்த ஒருவரை 400 கலோரிப் பசி நாள் முழுவதும் பின்தொடர்கிறது. இதை மனவலிமை இல்லாத குணம் என்று பேசுவது அநியாயம். பஞ்சத்தில் உயிர் காக்க அல்லாஹ் உடலுக்குக் கொடுத்த பாதுகாப்பு அது. நம் வீட்டில் பஞ்சம் இல்லை என்பது உடலுக்குத் தெரியாது.

கசப்பான ஒரு விடயத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1992இல் நியூயோர்க்கில், நாளுக்கு 1200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் நிறை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். அவர்களின் உடல் சக்தியைச் செலவழிப்பதில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை. ஆனால் உண்மையில் சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதி அவர்களின் கணக்கில் வரவில்லை. செய்த உடற்பயிற்சியையும் அரைவாசி கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்ல. மனிதன் தான் சாப்பிடுவதை மதிப்பிடுவதில் அவ்வளவு பலவீனமானவன். நம் வீடுகளில் இது இன்னும் கடினம். கறியில் உப்புப் பார்க்கும் தாய், பிள்ளை மிச்சம் வைத்த புட்டை வீணாக்க மனமில்லாமல் வாயில் போடுகிறாள். வலீமாவில் ஒரு சஹனைச் சுற்றி அமரும் ஆறு பேரில் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பதை யார் சொல்ல முடியும்? சேர்ந்து சாப்பிடுவதில் பரக்கத் இருக்கிறது, அளவு மட்டும் தெரிவதில்லை.

றமழானைப் பற்றியும் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. 35 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஓர் அறிக்கை, நோன்பு மாதத்தில் சராசரியாக 1.2 கிலோ அளவில் குறைவதாகவும், பெருநாள் முடிந்து இரண்டு வாரத்துக்குள்ளேயே அதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுவதாகவும் காட்டியது. இப்தார் மேசையில் பெட்டிஸும் சமோசாவும் ரோஸ் சர்பத்தும் நிறைந்திருந்தால் அந்த 1.2 கிலோவும் வராது. நோன்பு இபாதத். அதை டயட்டாக்கிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் நான்கு கிலோ குறையாவிட்டால் என்ன, அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். விட முடியாது. தெற்காசியரான எமது உடல், மெலிவாகத் தெரியும்போதே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்க்கும் உடல். புனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து வைத்தியர் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரையுமே அளந்து லான்செட் இதழில் படத்தோடு வெளியிட்டார்கள். இருவரின் உடற்திணிவுச் சுட்டியும் 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம். இதனால்தான் உலகுக்குப் பொதுவாக 25 என்று வைக்கப்பட்ட அபாயக் கோடு ஆசியருக்கு 23 என்று கொள்ளப்படுகிறது. 2018, 2019இல் நடந்த நாடளாவிய ஆய்வில் இலங்கையின் வளர்ந்தோரில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. எங்கள் பக்கத்தில் சீனி வருத்தம் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நடையை நிறுத்த நினைப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஆய்வு சென்னையில் நடந்தது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை வைத்தியர் ஏ. ராமச்சந்திரனின் குழு சுமார் இரண்டரை வருடம் தொடர்ந்து பார்த்தது. முடிவு 2006இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குச் சொல்லப்பட்டது பெரிய வித்தை எதுவுமில்லை. தினமும் அரை மணி நேரம் நடங்கள், சீனியையும் வெள்ளை மாவையும் எண்ணெயையும் குறையுங்கள், நார்ச்சத்தைக் கூட்டுங்கள். விசேட ஆலோசனை எதுவும் பெறாத பிரிவில் 55 வீதமானோர் நீரிழிவுக்குள் போனார்கள். நடந்த பிரிவில் அது 39.3 வீதம். அபாயம் கால்பங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது. இதில் வியப்பு என்னவென்றால், நடந்தவர்களின் நிறை குறிப்பிடும்படி குறையவே இல்லை. அவர்களின் தராசும் நம்முடையதைப் போலவே நின்ற இடத்தில் நின்றது. உள்ளே மட்டும் வேலை நடந்திருக்கிறது.

வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும், அதற்குத் தராசின் அனுமதி தேவையில்லை. சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பதற்கும் இந்தப் பலன் உண்டு. இஷாவுக்குப் பள்ளிவாசலுக்கு த்ரீவீலில் போகாமல் நடந்து போவது இதில் சேரும். எங்கள் மேடுகளில் ஏறி இறங்குவது சமதரையில் நடப்பதைவிட மேலானது. நாற்பதைக் கடந்தவர்கள் தசையைக் காக்கும் பயிற்சிகளையும் சேர்க்க வேண்டும். பாரம் தூக்க முடியாதவர்கள் கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரலாம்.

அளப்பதென்றால் தையல்காரர் நாடாவால் அளவுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபடி, மாதம் ஒரு தடவை அளந்தால் போதும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. தராசு நின்றபோதும் நாடா இறங்கலாம். தராசில்தான் ஏறுவேன் என்பவர் தினமும் ஏறி, அந்த வாரச் சராசரியைச் சென்ற வாரச் சராசரியோடு ஒப்பிடட்டும். உணவில் ஒன்றை மட்டும் மாற்றுவதென்றால் தேநீர்ச் சீனியில் கை வையுங்கள். நாளுக்கு ஐந்து தேநீர் குடிக்கும் ஊரில் வேறெதிலும் இவ்வளவு இலகுவாகக் குறைக்க முடியாது. மென்பானப் போத்தல்களில் 2016 முதல் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்கள் இருக்கின்றன. சிவப்பென்றால் 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி.

இவ்வளவுக்குப் பிறகும் நிறை ஏறிக்கொண்டே போனால் வைத்தியரைக் காண வேண்டும். தைரொயிட் குறைபாடு, பெண்களின் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஸ்டீரொயிட் மாத்திரைகள், இன்சுலின், சில மனநோய் மருந்துகள் ஆகியன காரணமாக இருக்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வட்ஸ்அப்பில் வரும் மெலிய வைக்கும் தேயிலை, பவுடர் பக்கமும் போக வேண்டாம். இதய ஆபத்துக் காரணமாக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்ட இத்தகைய பொருட்களில் மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

ஆண்களுக்கு வீதி இருக்கிறது. பெண்கள் எங்கே நடப்பது? ஒடுங்கிய வீதியில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே அபாயாவோடு நடப்பது இலகுவல்ல. வைத்தியர் நடக்கச் சொன்னாலும் பல சகோதரிகள் வீட்டு மொட்டை மாடியிலேயே சுற்றுகிறார்கள். அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் ஒரு பாடசாலை மைதானத்தைப் பெண்களுக்கு மட்டும் திறந்துவிட அதிபரோடும் பழைய மாணவர்களோடும் பேச ஒரு பள்ளிவாசல் நிர்வாகத்தால் முடியும். அதற்குச் செலவும் இல்லை. சுகாதார அமைச்சு 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் நடத்திவரும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் 35 வயதைக் கடந்தவர்களுக்கு நிறை, இரத்த அழுத்தம், சீனி அனைத்தையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஜும்ஆ முடிந்ததும் செய்யும் அறிவித்தல்களில் இதற்கும் அரை நிமிடம் ஒதுக்கலாம்.