தானாக நீர் ஊட்டும் மண்முட்டி

சோளகக் காற்று வீசும் மாதங்களில் இருவேளை நீர் ஊற்றினாலும் முற்றத்துச் சாடிகளில் கத்தரியும் மிளகாயும் வாடிவிடுகின்றன. ஊற்றிய நீரில் ஒரு பங்கு அடித்துவாரத்தால் ஒழுகுகிறது. இன்னொரு பங்கைக் காற்று கொண்டுபோகிறது. வற்றும் கிணற்றிலிருந்து குடம் சுமக்கும் பெண்களுக்கே இவ்விழப்பின் பாரம் தெரியும்.

பெரிய சாடியின் நடுவே சிறிய மண்முட்டியொன்றைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்புங்கள். சுட்ட மண்ணின் நுண்துளைகளூடாக நீர் கசியும். சுற்றியுள்ள மண் காய்ந்தால் கசிவு கூடும், ஈரமானால் குறையும். சீனாவில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்திய வேளாண் நூலொன்றிலேயே இம்முறை காணப்படுகிறது.

பெயின்ற் பூசிய முட்டி உதவாது. வாங்கியதும் நீர் நிரப்பிப் பாருங்கள். வெளிப்புறம் வியர்க்க வேண்டும். நாற்றின் வேர் முட்டியருகே வரும்வரை கையால் ஊற்றத்தான் வேண்டும். இதை மறந்துவிட்டு முட்டியைக் குறைகூறுவோர் பலர். உவர்நீர் ஊற்றினால் துளைகள் நாளடைவில் அடைபடும். வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். இல்லையேல் டெங்கு நுளம்பு பெருகும்.

வீட்டினுள் வைக்கும் சிறுசாடிக்குப் பருத்தித் திரி போதும். ஒரு முனையை அடித்துவாரத்தால் மண்ணுக்குள் செலுத்தி, மறுமுனையைக் கீழேயுள்ள நீர்ப்போத்தலில் விடுங்கள். குப்பிவிளக்கில் எண்ணெய் ஏறுவதுபோல நீர் ஏறும். திரி உக்கியதும் மாற்றுங்கள்.