கோரை சாகணும், அருகு பிழைக்கணும்

திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் வீட்டு முன்னால் இரண்டு சென்ட் அருகம்புல் தரை இருக்கிறது. நகரிப் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவருக்கு இது பெரிய வேடிக்கை. "கரிகைக்குப் போய் தண்ணி ஊத்துறீங்களே சார்!" என்று சிரிப்பார். கரிக என்றால் தெலுங்கில் அருகு. கரும்புத் தோட்டத்தில் அதுதான் களை. எனக்கு அதுதான் பயிர். எனக்குக் களை கோரை.

போன வருஷம் பூரா கோரையைக் கையால் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்க அதிகமானதுதான் மிச்சம். ஏன் என்று தேடிப் படித்தபோது புரிந்தது. மண்ணுக்குள் கோரைக்கிழங்குகள் மெல்லிய தண்டுகளால் சங்கிலி மாதிரி கோத்துக்கிடக்கின்றன. சங்கிலி முழுசாக இருக்கும்வரை பல கிழங்குகள் முளைக்காமல் தூங்கும். நாம் மேலே இழுத்தால் சங்கிலி அறுந்து, தூங்கினதெல்லாம் எழுந்துகொள்ளும்.

சரி, மருந்துதான் என்று முடிவு செய்தேன். கடையில் முதலில் கொடுத்தது 2,4-டி. 1940-களில் வந்த பழைய மருந்து. செடிக்குள் இருக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் மாதிரி நடிக்கும். அகன்ற இலைச் செடிகள் ஏமாந்துபோய்க் கண்டபடி வளர்ந்து, முறுக்கிக்கொண்டு சாகும். புல் இனம் அதை உடைத்துச் சமாளித்துவிடும். நெருஞ்சி, அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை மாதிரி களைகளுக்கு இது சரி. ஆனால் கோரை அகன்ற இலைச் செடி கிடையாது, உண்மையில் புல்லும் கிடையாது. தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், முக்கோணமாக இடறும். புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். 2,4-டி பட்டால் கோரையின் இலை கருகும், கிழங்கு பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை: 2,4-டி-யில் எஸ்டர் வகை வெயிலில் ஆவியாகிப் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் போகும். தக்காளி, பருத்தி, திராட்சை எல்லாம் கொஞ்சம் பட்டாலே சுருண்டுவிடும். வாங்கினால் அமைன் வகையைக் கேளுங்கள்.

கோரைக்கென்று இருப்பது ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல். நம்மூரில் செம்ப்ரா என்ற பெயரில் கரும்புக்கு விற்கிறார்கள். அமெரிக்காவில் இதே மருந்து செட்ஜ்ஹேமர் என்ற பெயரில் புல்தரைக்கே கிடைக்கிறது. செடிகள் மூன்று அமினோ அமிலங்களைத் தயாரிக்க ஒரு நொதி தேவை. இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடும். கோரை பட்டினியில் மெதுவாகச் சாகும். அருகும் கொரியன் புல்லும் மருந்தைச் சீக்கிரம் உடைத்துத் தப்பித்துக்கொள்ளும்.

சிக்கல் அளவில்தான். ஏக்கருக்கு 36 கிராம். ஒரு சென்டுக்கு 0.36 கிராம், என் தரைக்கு 0.72 கிராம். சமையலறைத் தராசில் இது முள்ளையே அசைக்காது. "ஒரு சிட்டிகை போடுங்க" என்றார் கடைக்காரர். சிட்டிகைக் கணக்கில்தான் அருகும் மஞ்சளாகிறது. நகை எடை போடும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். மூன்று லிட்டர் தண்ணீர், கூடவே இலையில் ஒட்டவைக்கும் திரவம் கொஞ்சம். கோரை மூன்று முதல் ஐந்து இலை விட்டிருக்க வேண்டும். அடிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்டக்கூடாது. அடித்தபின் நாலு மணி நேரமாவது மழையோ தண்ணீரோ படக்கூடாது.

ஆடிக்கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த வாரம், மழைக்குப் பின் கோரை தளதளவென்று நின்றது. கலந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி கூடையோடு வந்தார்.

"என்ன தம்பி, பூச்சி மருந்தா?"

"பூச்சிக்கு இல்ல பாட்டி, கோரைக்கு."

"அப்போ சதுர்த்திக்குப் பிள்ளையாருக்குப் புல்லு?"

கை நின்றுவிட்டது. இத்தனை படித்தும் இது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் பிள்ளையாருக்கு மட்டும் பறிக்கவில்லை, காலையில் அருகம்புல் சாறும் குடிக்கிறார். டப்பாவில் கரும்புக்குத்தான் வழி எழுதியிருக்கிறது. அருகைச் சாறு பிழிந்து குடிக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அதில் இல்லை. மருந்து அருகைக் கொல்லாது என்பதற்கு, அருகு குடிக்கத் தகுந்தது என்று அர்த்தம் இல்லை. உள்ளே போன மருந்தை உடைப்பது அருகின் வேலை. நம் உடம்புக்கு அது உத்தரவாதம் தராது.

மதில் ஓரம் நாலடி அகலத்துக்குக் கயிறு கட்டினேன். அங்கே மருந்து இல்லை, கோரையைக் கிழங்கோடு தோண்டித்தான் எடுக்கிறேன். மீதிக்கு மட்டும் காற்றில்லாத காலையில் அடித்தேன். அந்தப் பக்கத்துப் புல்லை ஆடு மாட்டுக்கும் போடுவதில்லை.

இரண்டாவது வாரம் கோரை மஞ்சளானது, நாலாவது வாரம் காய்ந்தது. அருகு அப்படியே இருக்கிறது. மண்ணுக்குள் மிச்சக் கிழங்கு இருக்கும், மறுபடி முளைத்தால் இன்னொரு முறை அடிக்க வேண்டும். பாட்டி கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் பறிக்கிறார். உங்கள் தரையிலும் யாராவது பறிக்கிறார்களா என்று முதலில் விசாரித்துவிட்டு, அப்புறம் மருந்து கலக்குங்கள்.