ஊர் முழுவதும் ஒரே படத்தில்!

பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியாவுக்குப் போனவர் ஹோல்டர்மன். ஜெர்மனிக்காரர். 1858-ம் ஆண்டு கப்பல் ஏறினார். கிடைத்த வேலையைச் செய்தார். பிறகு தங்கம் தோண்டப் போனார்.

பல ஆண்டுகள் கஷ்டம்தான். 1872-ம் ஆண்டு அவருடைய சுரங்கத்தில் ஒரு பெரிய பாறை கிடைத்தது. எடை 286 கிலோ. அதில் தங்கம் மின்னியது!

பணம் வந்ததும் சிட்னியில் மாளிகை கட்டினார். அதன் மேல் ஒரு கோபுரம். ஏறி நின்றால் நகரமும் துறைமுகமும் தெரியும். தன்னை வாழ வைத்த ஊரை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. 1875-ல் பேலிஸ் என்ற போட்டோகிராபரைக் கோபுரத்தில் ஏற்றினார்.

23 துண்டுகள்

ஒரு படத்தில் ஊர் அடங்குமா? அடங்காது. ஆகவே துண்டு துண்டாக 23 படங்கள் எடுத்தார்கள். வரிசையாகச் சேர்த்தபோது நீளம் ஏறத்தாழ 10 மீட்டர்!

அந்தக் காலத்தில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவ வேண்டும். காய்ந்தால் போயிற்று.

சிட்னி என்றதும் நினைவுக்கு வரும் இரும்புப் பாலம் அந்தப் படத்தில் இல்லை. அது 1932-ல்தான் திறக்கப்பட்டது. பாலம் வருவதற்கு முன்பு ஊர் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

ஹோல்டர்மன் 1885-ல் இறந்தார். அவர் சேர்த்த தகடுகளை எல்லோரும் மறந்தார்கள். 1951-ல், குடும்பத்தார் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ஆயிரக்கணக்கான தகடுகள் அப்படியே கிடைத்தன.

தஞ்சையிலும்...

நம் தஞ்சைப் பெரிய கோவிலும் இப்படிப் படமானது உண்டு. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் விமானத்தின் அடியில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி.

சுவரை எடுக்க, காமிரா பக்கவாட்டில் நகர வேண்டும். ஊரை எடுக்க, நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும். வேறுபாடு இதுதான்.

மும்பையில் எப்படி?

இன்று செல்போனிலேயே 'பனோரமா' இருக்கிறது. போனை மெல்லத் திருப்பினால் நீளப் படம் வந்துவிடும். ஆனால் ஓடுகிற பஸ் பாதியாக வெட்டுப்படும். கோடு வளையும். தனித்தனியாக எடுத்துச் சேர்ப்பதே நல்லது.

இடம்: மரின் டிரைவின் நாரிமன் பாயிண்ட் முனை. நேரம்: மாலை. அங்குள்ள கட்டிடங்கள் மேற்கே கடலைப் பார்த்து நிற்கின்றன. மாலை வெயில் நேராக முகத்தில் விழும்.

காமிராவை நெட்டுக்குத்தாகப் பிடிக்க வேண்டும். இடது கோடியில் தொடங்கி வலது பக்கம் போகலாம். ஒரு படத்தில் வந்ததில் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் வர வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது.

வெளிச்ச அளவைக் கட்டிடங்களுக்கு ஏற்ப வைத்துப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காமிரா தானாக மாற்றிக்கொண்டே இருக்கும். வானம் ஒரு துண்டில் வெளுத்தும், மறு துண்டில் கறுத்தும் போகும்.

இன்னொரு சங்கதி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகத்துக்கு முன் விரலை நீட்டித் தலையைத் திருப்பிப் பாருங்கள். தூரத்துக் கட்டிடத்தை விட்டு விரல் நகர்வது போலத் தெரியும். காமிராவுக்கும் இதே கதிதான். எனவே உடம்போடு சுழலாமல், லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும்படி திருப்ப வேண்டும். பக்கத்தில் உள்ள கைப்பிடிச் சுவர் படத்தில் விழாமல் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பிலிம் காலத்தில் பிரிண்ட்களை அட்டையில் அடுக்கி, பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். கெட்டிக்காரர்கள் வானத்தின் நடுவே வெட்ட மாட்டார்கள். கட்டிடத்தின் ஓரமாக வெட்டுவார்கள். ஒட்டுத் தெரியாது. இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. ஜன்னல் மூலை, மாடி முனை என்று இரண்டு படங்களிலும் உள்ள ஒரே புள்ளிகளைத் தேடிப் பொருத்துகிறது. 'ஹியூகின்' என்ற புரோகிராம் இலவசம்.

புகைபோக்கிகள் எங்கே?

மரின் டிரைவை எடுக்க ஆயிரம் பேர் உண்டு. பரேல், லால்பாக் பக்கம் எடுத்தவர்கள் எத்தனை பேர்? ஒரு காலத்தில் அங்கே வானத்தில் தெரிந்தவை மில் புகைபோக்கிகள். 1982 ஜனவரியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பல மில்கள் மறுபடி திறக்கவே இல்லை. அந்த நிலங்களில் இன்று அடுக்குமாடிகள். அன்று ஒரு சால் மொட்டை மாடியில் நின்று யாராவது 6 படம் எடுத்திருந்தால், இன்று அது பொக்கிஷம்.

இப்போது தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் வந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழும் இடம் அது. 90 அடி ரோட்டில் உயரமான ஒரு மாடியில் அனுமதி கேட்டு ஏறினால், கூரைகள், கோவில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் 8 படங்களில் அடங்கிவிடும். படத்தின் பின்னால் தேதி, நின்ற மாடி, பார்த்த திசை, தெரிகிற வீடுகளில் யார் யார் குடியிருந்தார்கள் என்பதை எழுதி வையுங்கள். சேர்த்த படத்தோடு தனிப் படங்களையும் பத்திரமாக வையுங்கள்.

கடற்படைத் தளம், விமான நிலையம் பக்கம் மட்டும் காமிராவைத் திருப்ப வேண்டாம். தடைப் பலகை இருக்கிற இடத்தில் போலீசாருக்குப் பதில் சொல்லி மாளாது.