பருப்புக் கடைந்த பாட்டு

எழுத்தறியாப் பருவத்தில் நாம் கற்ற முதற் பாடத்திற்குப் புத்தகம் கிடையாது. நமது உள்ளங்கையே அதற்கு ஏடு. தமிழ்நாட்டு வீடுகளில் பாட்டோடு நடைபெறும் பருப்புக் கடையும் விளையாட்டைத்தான் சொல்லுகிறோம்.

பாட்டி நமது கையைப் பிடித்து விரிப்பாள். உள்ளங்கை சட்டியாகும்; அவளுடைய முழங்கை மத்தாகும். பாடிக்கொண்டே பருப்பைக் கடைந்து, சோறிட்டு, நெய் வார்ப்பாள். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி, அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று பங்கிடுவாள். முடிவில் அவள் விரல்கள் நண்டும் நரியுமாய் நமது கைமீது ஊர்ந்து அக்குளை எட்டும். நாம் சிரித்து உருளுவோம். சிரிப்பு அடங்குமுன் மெய்யான பருப்புச் சோறு ஒரு கவளம் வாய்க்குள் போயிருக்கும்!

மஞ்சள்பொடி சேர்த்துக் குழைய வெந்த பாசிப்பருப்பு, உப்பு, உருக்கிய நெய், சோறு – இவ்வளவே அதன் பக்குவம். காய்ச்சலில் கிடந்து எழுந்த நாளில் அதைப் போல் நமக்கு ஆறுதல் அளித்தது வேறில்லை. அரிசியில் லைசின் என்னும் புரதக் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைந்த மெத்தியோனினை அரிசி நிரப்புகிறது. விஞ்ஞானம் இதனைக் கண்டுரைக்குமுன்பே நம் தாய்மார் இரண்டையும் ஒரே கவளத்தில் சேர்த்துவிட்டனர்.

ஆனால், நாம் பெரிதாக மதிப்பது வேறொன்று. நம் வீட்டு வழக்கில், எல்லாருக்கும் பங்கு கொடுத்த பிறகே குழந்தைக்குப் பங்கு. ஐந்து விரல்களை எண்ணக் கற்ற அன்றே பகிர்ந்துண்ணவும் கற்றோம்.

இத்தகைய விளையாட்டுக்களைப் புலவர்கள் இகழவில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கை கொட்டும் சப்பாணியும், சந்திரனை அழைக்கும் அம்புலியும் இடம் பெற்றுள்ளன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) குழந்தைகளுக்கென்றே பாடல்கள் இயற்றினார். பருப்புக் கடைந்த பாட்டுக்கோ ஆசிரியர் பெயரே இல்லை. கைக்குக் கை வந்த சொத்து அது. ஒரு தலைமுறை வாளாவிருந்தால் அச் சங்கிலி அறுந்துபோகும்.

இன்று நம் வகுப்புச் சிறுவர்கள் ஆங்கிலப் பாட்டுக்களை அழகாக ஒப்பிக்கிறார்கள். அதில் குற்றமில்லை, பிறமொழிப் பாட்டும் செல்வமே. ஆனால் பருப்புக் கடையலாம், கையை நீட்டு என்றால் பலர் விழிக்கிறார்கள். கைபேசியில் படம் ஓடினால்தான் சோறு இறங்கும் என்று பெற்றோர் முறையிடுகிறார்கள். படம் குழந்தையின் கண்ணைக் கட்டும்; அதன் கையைப் பிடிக்காது.

அன்பர்களே, உங்கள் ஊர் வழக்கில் சொற்கள் வேறாக இருக்கலாம். ஓரடி மறந்தும் போயிருக்கலாம். பாதகமில்லை. வீட்டிலுள்ள முதியவரைக் கேட்டுப் பாடுங்கள். குழந்தைக்கு வேண்டுவது பிழையற்ற பாடம் அன்று. தன் கையைப் பற்றும் ஒரு கையும், சூடாறிய ஒரு கவளமுமே.