இறுகிய எரிவாயுப் பாறைகளில் பாய்மச் சேதம்

இறுகிய எரிவாயுப் பாறை என்பது, இயற்கை எரிவாயுவைத் தன்னுள் கொண்டிருந்தும் அதை எளிதில் வெளியே விடாத அளவுக்கு நெருக்கமான துளைகளை உடைய நிலத்தடிப் பாறையாகும். கிணறு தோண்டும்போதும் பாறையில் விரிசல் உண்டாக்கும்போதும் உட்புகும் நீர்மங்கள், அதன் ஊடுருவுதிறனை மேலும் குறைத்துவிடுவதுண்டு. இது பாய்மச் சேதம் எனப்படும். வாயு நிறைந்த கிணறு வெறுங்கிணறு என்று கைவிடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊடுருவுதிறனின் அலகு டார்சி. 1856 இல் பிரான்சின் திஜோன் நகர நீர் வழங்கல் பற்றிய நூலில், மணல் வழியே நீர் செல்லும் விதியை வெளியிட்ட பொறியாளர் ஆன்றி டார்சியின் பெயரால் இது வழங்குகிறது. நல்ல மணற்கல்லில் இது நூற்றுக்கணக்கான மில்லிடார்சி இருக்கும். 0.1 மில்லிடார்சிக்கும் குறைவானதே பொதுவாக இறுகிய பாறை எனக் கொள்ளப்படுகிறது. இந்தியாவில் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு, ராஜஸ்தானின் பார்மர் படுகையில் உள்ள ராகேஸ்வரி ஆழ் எரிவாயு வயல். அங்கு வாயு தங்கியிருப்பது பெரும்பாலும் எரிமலைப் பாறையில். விரிசல் உண்டாக்காமல் அதைப் போதிய அளவில் எடுக்க இயலாது.

நீர் சிறைப்படுதல்

சேதங்களுள் முதன்மையானது இது. விளக்குத் திரியில் எண்ணெய் தானே ஏறுவதுபோல, நுண்துளை நீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதை எளிதில் விடாது. துளை சிறுக்கச் சிறுக்கப் பிடி இறுகும். நீரின் பரப்பு இழுவிசை அறை வெப்பநிலையில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.072 நியூட்டன். பாறை நீரால் முழுமையாக நனைவதாகக் கொண்டால், 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளையிலிருந்து நீரைத் தள்ள 0.14 வளிமண்டல அழுத்தமே போதும். துளையின் ஆரம் 0.1 மைக்ரோமீட்டர் என்றால் 14 வளிமண்டல அழுத்தம் தேவை. பாறையிலுள்ள வாயுவால் அந்த அளவுக்குத் தள்ள முடியாவிட்டால் நீர் அங்கேயே தங்கி வழியை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் குறைந்துவிட்ட பழைய வயல்களில் இச்சிக்கல் கூடுதலாகும்.

களிமண்ணின் பங்கு

பாறைத் துளைகளில் ஸ்மெக்டைட் வகைக் களிமண் இருந்தால் நன்னீர் பட்டதும் உப்பும். கயோலினைட் போன்ற வேறு சில களிமண்களின் துகள்கள் உதிர்ந்து நகர்ந்து, துளைகளின் குறுகிய வாயில்களில் சிக்கும். இயல்பான உவர்நீரில் ஒட்டிக்கிடக்கும் துகள்கள், உப்புச்செறிவு திடீரெனக் குறையும்போது பிரிந்துவிடுவதே இதற்குக் காரணம். எனவேதான் உட்செலுத்தும் நீரில் ஏறத்தாழ 2 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பது வழக்கமாயிற்று.

களிமண் அடைப்பு எங்கும் தீங்கன்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆத்தூரை அடுத்த ஆறுமுகநேரி, பழையகாயல் பகுதி உப்பளங்களில் பாத்தித் தரை இறுகியிருந்தால்தான் உப்புநீர் மண்ணுக்குள் இறங்காமல் நிற்கும். அங்கே வேண்டப்படுவதுதான் எரிவாயுக் கிணற்றில் தொல்லை.

கொத்தவரைப் பசை

விரிசலுக்குள் மணலைச் சுமந்து செல்ல நீர் கெட்டியாக இருக்கவேண்டும். அதற்குக் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசை உலகெங்கும் பயன்படுகிறது. இவ்விதையின் உலக விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவுடையது; அதிலும் ராஜஸ்தானே முதலிடம். அமெரிக்க எரிவாயுக் கிணறுகளின் தேவையால் 2012 இல் இதன் விலை பன்மடங்கு ஏறியது. வேலை முடிந்ததும் நொதிகளோ ஆக்சிசனேற்றிகளோ இப்பசையைச் சிதைக்கவேண்டும். சிதைவு முழுமையாகாவிட்டால் எச்சம் மணலிடுக்குகளில் படிந்து, திறக்கப்பட்ட வழியை மீண்டும் அடைக்கும். பாறையைத் திறக்கச் சென்றதே அதை மூடுவது இத்துறையின் பெரும் முரண்.

தடுப்பும் கண்டறிதலும்

பசையின் அளவைக் குறைத்தல், நீருக்குப் பதில் நைட்ரசன் அல்லது கார்பன் டைஆக்சைடு கலந்த நுரையைச் செலுத்துதல், பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்களையோ மெத்தனாலையோ சேர்த்தல் ஆகியன பயன்படுகின்றன. எல்லாப் பாறைக்கும் பொருந்தும் ஒரே கலவை இல்லை. ஆகவே, எடுத்த பாறைத் துண்டில் முதலில் ஆய்வகத்தில் செலுத்திப் பார்ப்பதே முறை.

கிணற்றில் வாயு குறைந்தால் அது பாறையின் இயல்பா, சேதமா என்று அறியக் கிணற்றை மூடிவைத்து, அழுத்தம் ஏறும் போக்கை அளப்பர். கிணற்றை ஒட்டிய பகுதியில் மட்டும் தடை மிகுந்திருந்தால் அது சேதத்தின் அறிகுறி. இறுகிய பாறையில் அழுத்தம் மிக மெதுவாக ஏறுவதால், தெளிவான விடை கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம்.