பில் மெஷின் வாங்குமுன் எழுத வேண்டிய ஒரு வரி

வத்தல்மலைக்கு பஸ் ஏறியது 2022-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பெரியூரிலோ பால்சிலம்பிலோ மளிகைக் கடை வைத்திருந்தவருக்குப் போட்டி குறைவு. உப்பும் சோப்பும் வாங்க யார் மலை இறங்குவார்கள்? இப்போது பஸ் ஏறினால் தருமபுரிக் கடைவீதி. ரொக்கம் கையில் உள்ளவர் கீழே வாங்குகிறார். இல்லாதவர் மேலே கடன் சொல்கிறார் என்றால் கடை என்னவாகும்? மலையில் பாக்கி நின்றால், சரக்குப் போட்ட தருமபுரி மொத்த வியாபாரிக்கும் பாக்கி நிற்கும்.

இந்த நிலையில் வணிகப் பெருமக்கள் பலர் கேட்பது, "கம்ப்யூட்டர் பில் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்பதே. எது சரியாக வேண்டும் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. மெஷினை வாங்கி, பூஜை போட்டு, ஆறு மாதத்தில் துணி போட்டு மூடிய கடைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஒரே மெஷின் இரு நாடுகளில் வேறு வேறு வேலை செய்த கதை உண்டு. அமெரிக்கக் கடைகளில் கல்லாவில் நடக்கும் தவறையும் திருட்டையும் தடுக்கவே அது முதலில் பெரிதும் பயன்பட்டது. ஜப்பானில் செவன்-லெவன் நிறுவனம் 1982-ல் அதைக் கொண்டுவந்தபோது கேட்ட கேள்வி வேறு: எந்தச் சரக்கு ஓடுகிறது, எது அலமாரியில் செத்துக் கிடக்கிறது? அவர்களுடைய கடைகள் சின்னவை. 1974-ல் டோக்கியோவில் திறந்த முதல் கடையே அதற்கு முன் ஒரு குடும்பத்தின் மதுக்கடையாக இருந்ததுதான். இடம் குறைவு என்பதால் ஓடாத சரக்குக்கு அங்கே இடமில்லை. கேள்வி தெளிவாக இருந்தது. மெஷின் பதில் சொன்னது.

நம் மலைக் கடையின் கேள்வி என்ன? என் கணிப்பில் கடன்தான். "இனிமேல் கடனே கிடையாது" என்று இலக்கு வைப்பது வீம்பு. மலையில் காப்பியும் மிளகும் சாமையும் விற்றால்தான் பணம் புரளும். காப்பி பறிப்பு கார்த்திகையில் தொடங்கித் தை வரை போகும். ஆடியில் கடன் கொடுக்காத கடைக்குத் தையில் ரொக்கத்தோடு யார் வருவார்? ஆகவே மொத்தப் பாக்கியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு காப்பி பறிப்பைத் தாண்டியும் தீராமல் நிற்கும் பாக்கிதான் ஆபத்து.

உதாரணத்துக்கு, கடன் நோட்டில் 60 வீடுகள், 90,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். பிரித்துப் பார்த்தால் 14 வீடுகளின் 35,000 ரூபாய் போன தைக்கும் முந்தியது. அப்போது இலக்கு இப்படி அமையும்: "வருகிற மாசி முதல் தேதியில், ஒரு பறிப்பைத் தாண்டிய பாக்கி 14 வீட்டிலிருந்து 6 வீடாகக் குறைய வேண்டும்." இதில் எண் உண்டு, தேதி உண்டு, சரிபார்க்கவும் முடியும். "வியாபாரத்தை நவீனப்படுத்துவது" என்பதில் இவை எதுவுமில்லை.

இந்த இலக்குக்கு வேண்டிய விவரம் நான்கே: பெயர், கடன் கொடுத்த தேதி, தொகை, வரவு வந்த தேதி. கையிலிருக்கும் செல்போனே போதும், பில் மெஷின் தேவையில்லை. சிக்னல் இல்லாதபோதும் பதியும் செயலியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மலையில் அது முக்கியம். யு.பி.ஐ. மூலம் வந்த பணத்தை அன்றன்றே அந்தந்த வீட்டுப் பெயரில் வரவு வையுங்கள். பாங்க் பட்டியலில் பணம் வந்தது மட்டும் தெரியும். அது இன்றைய விற்பனையா, பழைய பாக்கியா என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும்.

ஓடாத சரக்கைக் கண்டுபிடிப்பதே உங்கள் இலக்கு என்றால் கதை வேறு. அதற்குப் பொருள்வாரியாக பில் போட்டாக வேண்டும். பார்கோடு பாக்கெட்டுக்கு உதவும். மூட்டையைப் பிரித்து அளந்து போடும் சாமைக்கும் கேழ்வரகுக்கும் உதவாது. அங்கே பில்லோடு இணைந்த எலெக்ட்ரானிக் தராசு வேண்டும். செலவு கூடும். மொத்த வியாபாரிக்கோ இரண்டும் முக்கியமில்லாமல் போகலாம். பாதி லோடோடு மலையேறும் வண்டியின் டீசல்தான் அவருக்கு நஷ்டம். அவர் எழுத வேண்டியது நடைக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கு.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடைக்கு அதற்காக பில் போடுவது சட்டக் கட்டாயம். அதை இலக்கு என்று நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த பில்லிலேயே மேற்சொன்ன விவரங்களும் கிடைக்குமா என்று விற்க வருபவரிடம் கேளுங்கள். செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஒரே நேரத்தில் மூன்று இலக்கு வைத்தால் பதிவு செய்யும் பையன் ஒரு வாரத்தில் சலித்துவிடுவான். முதலில் ஒன்று. இன்றிரவு கடை சாத்தியதும் கடன் நோட்டை எடுத்து, போன தைக்கு முந்திய பெயர்களுக்கு நேரே சிவப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள். எத்தனை புள்ளி என்று எண்ணி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய பிறகு மெஷின் விலை விசாரிக்கலாம்.